வாசகர் கேள்வி – பதில்: மூன்று நாள் திரைப்பட விழாவுக்குப் பின்னர்

கடந்த மாதம் நமது நகர மண்டபத்தில் மூன்று நாட்கள் நடைபெற்ற சிறிய திரைப்பட விழாவைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிறைத்துவிட்டன. விழாவுக்கு வந்தவர்களும், வர நினைத்து வர முடியாமற் போனவர்களும், பாதியில் எழுந்து சென்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். மூன்று நாட்களும் அங்கிருந்தவன் என்ற முறையில் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

“தம்பியோடு விழாவுக்குச் சென்றேன். முதல் நாள் மாலைப் படத்தில் பாதிக்குமேல் தூங்கிவிட்டேன். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஓர் அப்பாவும் பையனும் வெயிலில் நடந்துகொண்டே இருந்தார்கள். பலர் எழுந்து போய்விட்டார்கள். இருந்தவர்களோ முடிவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்படியான படங்களைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்புப் போதாதா?” – வாசகி, கொட்டகலை.

படிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. விடியற்காலையில் எழுந்து, வீட்டு வேலையை முடித்து, பஸ் பிடித்து வந்து இருட்டில் அமர்ந்த ஒருவர் கண்ணயர்ந்தால் அதற்காக அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. நமக்குச் சிறு வயது முதல் பழக்கமான திரைப்படம் பார்ப்பவரின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். எங்கே அழ வேண்டும் என்பதை வயலின் சொல்லும். யாரை வெறுக்க வேண்டும் என்பதை அவருடைய மீசை சொல்லும். அன்று நீங்கள் பார்த்த படம் அந்தக் கையை விட்டுவிட்டு, ‘நீங்களே பாருங்கள்’ என்று ஒதுங்கி நின்றது. பழக்கமில்லாதவருக்கு அது முதலில் வெறுமையாகத்தான் தோன்றும்.

நீங்கள் குறிப்பிடும் படம் பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021ஆம் ஆண்டு ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மையான புலி விருதைப் பெற்ற தமிழ்ப் படம். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே ஓடும். குடிகாரத் தந்தை ஒருவர் தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்து வருவதற்காக மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துச் செல்கிறார். திரும்பி வரும்போது இருவரும் மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெளியில் நடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். தாகம் தெரியாமலிருக்கப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லை ஒதுக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கற்கள் கிடக்கின்றன. இந்தப் பயணம் இதற்கு முன்னர் எத்தனை தடவை நடந்திருக்கிறது என்பது, யாரும் ஒரு சொல்லும் பேசாமல், அந்தக் குவியலைப் பார்த்த கணத்திலேயே நமக்கு விளங்கிவிடுகிறது.

நீங்கள் உறங்கிப்போன இறுதிக் காட்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தரையில் தோண்டிய குழியொன்றில் ஊறும் தண்ணீரை ஒரு பெண் சிறிது சிறிதாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள். மற்றப் பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். கமரா நகரவில்லை. மண்டபத்தில் நாற்காலிகள் அசையத் தொடங்கின. எனக்கு முன்வரிசையில் சால்வையைத் தலையோடு போர்த்தியபடி அமர்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், பக்கத்திலிருந்த பேத்தியிடம், “கலக்காம மொள்ளுது பாரு. வேகமா மொண்டா சேறு வந்துரும்” என்றார். சற்றுப் பொறுத்து, “இன்னும் ரெண்டு கொடந்தான் வரும்” என்றும் சொன்னார். பீலிக்கரையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வாழ்நாளின் எத்தனை மணி நேரத்தைக் கழித்தவரோ, அவருக்கு அந்தக் காட்சி ஒரு நொடிகூட நீளமாக இருக்கவில்லை. அந்தக் குழியில் எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறது என்று அவர் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். பட்டப்படிப்பு முடித்த சிலர் கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நடந்தது இது.

ஆகவே, அந்தப் படம் உங்களிடம் கேட்பது உங்கள் நேரத்தையும், நீங்கள் ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கும் வாழ்க்கையையும்தான். இன்னொரு தடவை, உறங்கி எழுந்த ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு படங்களைப் பார்க்க வேண்டாம். கதை எங்கே போகிறது என்று தேடாமல், திரையில் இருப்பவர் கையால் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

“கலைப்படம், சுயாதீனப் படம், மாற்றுச் சினிமா என்று விழாவில் பேசியவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். மூன்றும் ஒன்றா?” – வாசகர், பண்டாரவளை.

மேடையில் பேசுவோர் ஒன்றுபோலவே பயன்படுத்திவிடுகிறார்கள். ஆனால் வேறுபாடு உண்டு. ‘சுயாதீனம்’ என்பது பணத்தையும் அதிகாரத்தையும் பற்றிய சொல்: பெரிய தயாரிப்பு நிறுவனமோ விநியோகஸ்தரோ கதையை மாற்றச் சொல்ல முடியாத நிலையில் எடுக்கப்பட்ட படம். ‘கலைப்படம்’ என்பது வடிவத்தைப் பற்றிய சொல். சுயாதீனமாக எடுக்கப்பட்ட மசாலாப் படங்களும் உண்டு. அரசாங்கப் பணத்திலும் புகழ்பெற்ற நடிகரின் பணத்திலும் எடுக்கப்பட்ட சிறந்த கலைப்படங்களும் உண்டு. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைத் தயாரித்தவர் நடிகர் விஜய் சேதுபதி. ‘மாற்றுச் சினிமா’ என்பதோ, எதற்கு மாற்று என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தெளிய வேண்டிய சொல். நான் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை.

இரண்டு வரலாறுகளைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும் படம் தென்னிந்தியாவில், மதுரைப் பக்கத்து ஸ்டூடியோவொன்றில் எடுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் சிங்களப் படங்கள் தமிழ்ப் படங்களின் அச்சிலேயே, அங்குள்ள ஸ்டூடியோக்களின் அட்டைச் சுவர்களுக்கு நடுவே உருவாயின. அரசாங்கத் திரைப்படப் பிரிவில் வேலை செய்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லி பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகிய மூவரும் அந்த நிரந்தர வேலையை உதறிவிட்டு வெளியே வந்து, உண்மையான கிராமத்தில், உண்மையான வெயிலில் ‘ரேகாவ’வை எடுத்தார்கள். 1956இல் அது வெளியானது; அடுத்த ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்றது. 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் அதே இயக்குநரின் ‘கம்பெரலிய’ தங்க மயில் விருதை வென்றது.

மற்றையது, விழாவின் இரண்டாம் நாள் காட்டப்பட்ட ‘பதேர் பாஞ்சாலி’. விளம்பர நிறுவனமொன்றில் வேலை செய்துகொண்டே விடுமுறை நாட்களில் சத்யஜித் ராய் அதை எடுக்கத் தொடங்கினார். காப்புறுதிப் பத்திரம் ஈட்டுக்குப் போனது. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. அக்காவும் தம்பியும் நாணற்பூக் காட்டினூடே ஓடி ரயிலைப் பார்க்கும் காட்சியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மறுவாரம் சென்றபோது, மாடுகள் பூக்கள் முழுவதையும் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவத்தில் மீண்டும் பூக்கும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். இறுதியில் மேற்கு வங்க அரசின் பணத்தில்தான் படம் முடிந்து 1955இல் வெளியானது. இதைச் சுயாதீனப் படம் என்பதா, அரசாங்கப் படம் என்பதா? பூக்களுக்காக ஓர் ஆண்டு காத்திருக்க முடிந்தது. பொய்யான பூக்களை நட்டு எடுத்து முடியுங்கள் என்று எவரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. சுயாதீனம் என்ற சொல்லுக்கு நான் அறிந்த பொருள் அதுவே.

“சாதாரண தரத்தில் படிக்கும் மகள் அடுத்த விழாவுக்குப் போக வேண்டும் என்கிறாள். பிள்ளைகள் பார்க்கத்தக்க படங்களா?” – தாய் ஒருவர், தலவாக்கலை.

எல்லாமே அல்ல. நிகழ்ச்சி நிரலை வாங்கி, எந்தப் படம் எந்த வயதினருக்குரியது என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் கடமை, சொல்வது அவர்களுடைய கடமை. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரொஸ்தமி 1987இல் எடுத்த ‘நண்பனின் வீடு எங்கே?’ என்ற படத்தை முதலில் காட்டுங்கள். நண்பனின் கொப்பியைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட சிறுவன் ஒருவன், கொப்பியில்லாமல் நாளைக்கு அவன் வகுப்பிலிருந்து வெளியேற்றப்படுவானே என்று பதறி, அடுத்த ஊருக்கு ஓடுகிறான். ஒற்றை மரம் நிற்கும் குன்றின்மீது வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையைப் பார்க்கும்போது, தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து பாடசாலைக்கு ஏறும் நமது குறுக்குப் பாதைகளே கண்முன் வரும். நீங்களும் மகளோடு சென்று பாருங்கள். படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

“நாற்பது ஆண்டுகளாகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன் நான். விழாவில் ஈரானைப் பார்த்தேன், வங்காளத்தைப் பார்த்தேன், மதுரையைப் பார்த்தேன். எங்களைப் பற்றி எவருமே படம் எடுக்கவில்லையா?” – ஓய்வுபெற்ற ஆசிரியர், மஸ்கெலியா.

ஐயா, உங்கள் கேள்வியை விழாவின் இறுதி நாள் கலந்துரையாடலிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். எடுத்திருக்கிறார்கள்; ஆனால் மிகக் குறைவு, அவற்றையும் நம்மவரில் பெரும்பாலோர் பார்த்ததில்லை.

நமது மலைகளைக் கமராக்கள் நன்றாகவே அறியும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியிலுள்ள கித்துல்கலையில்தான் உலகப் புகழ்பெற்ற ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ எடுக்கப்பட்டது. 1957இல் வெளியான அந்தப் படத்தில் நமது ஆறு தாய்லாந்தின் ஆறாக நடித்தது. அதற்குப் பின்னரும் இந்தப் பச்சைச் சரிவுகள் எத்தனையோ படங்களில் காதலர்கள் ஆடிப் பாடும் பின்னணியாக வந்துவிட்டன. கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் தூரத்தில் புள்ளிகளாகத் தெரிவார்கள். அவர்களில் ஒருத்திக்கும் பெயர் இருக்காது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

தோட்டத்தைக் கதையின் நடுவே வைத்த முயற்சிகள் இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே இருந்தன. கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ 1963இல் திரைக்கு வந்தது. அதற்கு மறு ஆண்டுதான் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்தப் படத்துக்கு வந்திருக்கக்கூடிய பார்வையாளர்களில் இலட்சக்கணக்கானோர் கடல் கடந்து அனுப்பப்பட வேண்டியவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. தொழிற்சங்கத் தலைவரான வீ. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து, தாமே நடித்தார். இவை அக்காலத்து வெகுசனப் படங்களின் பாணியில் அமைந்தவை. ஆயினும் நமது மக்களைக் கதைமாந்தராக்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

நீங்கள் தேடும் விதமான படம் என்று நான் முதலில் சொல்வது சுமதி சிவமோகனின் ‘இங்கிருந்து’. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அவர், 2013இல் வெளிவந்த இப்படத்தில் மலையகத் தமிழரின் வாழ்வையே பொருளாக எடுத்துக்கொண்டார். ‘இங்கிருந்து’ என்ற பெயரைச் சற்று யோசித்துப் பாருங்கள்: வந்தவர்கள், அங்கிருந்து வந்தவர்கள் என்றே இருநூறு ஆண்டுகளாக அழைக்கப்பட்ட ஒரு சமூகத்தைப் பற்றிய படத்துக்கு இந்த ஒற்றைச் சொல் எவ்வளவு பொருத்தமானது.

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் படங்களில் இரண்டு நமது மலைகளிலேயே நிகழ்கின்றன. 2012இல் வந்த ‘ஒப நத்துவ ஒப எக்க’ தஸ்தயேவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவியது. அடகுக்கடைக்காரரான முன்னாள் சிங்களச் சிப்பாய்க்கும் அவர் மணந்துகொள்ளும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையே நிகழ்வது. அடகுக்கடைக் கம்பிக்கு அப்பாலிருந்து நகையை நீட்டும் அந்தப் பெண்ணின் கையை, நகைகளை அடகு வைத்தே பிள்ளைகளைப் படிப்பித்த நமது தாய்மார் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார்கள். எனினும் அவள் வடக்கிலிருந்து வந்தவள். மலையகம் அவளுடைய கதைக்குத் தங்குமிடம் மட்டுமே. 2023இல் வந்து தென்கொரியாவின் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருதைப் பெற்ற ‘பரடைஸ்’, 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது இங்கே சுற்றுலா வரும் கேரளத் தம்பதியரைப் பின்தொடர்கிறது. அவர்களுடைய பொருட்கள் திருட்டுப் போகின்றன. சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்படுகிறவர்கள் தமிழர்கள். அந்தப் படத்தின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதிலும் நாம் பார்ப்பது வந்தவர்களின் கண்கள் வழியாகவே.

உங்களிடம் படித்த பிள்ளைகளில் எவராவது, வந்து போகிறவராக அல்லாமல், காலையில் தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டுக்களத்தின் குளிரில் நின்ற ஒருவராக இதை எடுக்க வேண்டும். அதுவரையில், நான் மேலே பெயர் சொன்ன ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைத் தேடிப் பாருங்கள். ஏலத்தோட்டங்களுக்கு மூட்டை சுமந்து மலையேறும் தொழிலாளி ஒருவர், தமக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்கும் ஆசையோடு ஆயுளைச் செலவிடுகிறார். அவர் சுமந்து வந்த ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறும் காட்சியில், நமது மண்டபமாக இருந்தால், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. நமது மலை இல்லை அது; ஆனால் காணி உறுதி இல்லாமல் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“நாங்கள் சில நண்பர்கள் எங்கள் தோட்டத்திலேயே மாதம் ஒரு படம் காட்ட விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?” – இளைஞர், ஹட்டன்.

இந்தக் கடிதத்தைத்தான் எதிர்பார்த்திருந்தேன். முதலில் அனுமதி. இணையத்தில் இறக்கிய பிரதியைப் பொதுமக்களுக்குக் காட்டுவது முறையல்ல. இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ, யார் நீங்கள், எங்கே, எத்தனை பேருக்கு, கட்டணம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் எழுதிக் கேளுங்கள். பகிரங்கக் காட்சிக்குப் படங்களைத் தணிக்கை செய்யும் அரச சபையின் சான்றிதழ் தேவைப்படும் என்பதையும் மறவாதீர்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்தால் எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்வார். 2015 முதல் நடந்துவரும் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவுக்கு உங்களில் இருவராவது ஒரு தடவை போய் வாருங்கள். ஒரு விழா எப்படி ஓடுகிறது என்பதையும், எந்தப் படத்துக்கு யாரிடம் கேட்பது என்பதையும் அங்கே நேரிற் கற்றுக்கொள்ளலாம்.

இனி இடம். தோட்டத்துச் சமூக மண்டபங்களில் பெரும்பாலானவை தகரக் கூரை போட்டவை. கடந்த மாத விழாவிலேயே இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டபோது, அரை மணி நேரம் திரையில் உதடுகள் அசைந்ததைத்தான் பார்த்தோம். ஹட்டன் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஆகையால் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்களில் தொடங்குங்கள். அப்போது சிவனொளிபாதமலைப் பருவமும் நடப்பதால் வாகனங்களையும் ஒலிபெருக்கிகளையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் முழுமையாக மறையுங்கள்; அரைகுறை இருட்டில் எந்த புரொஜெக்டரும் படத்தைக் கொல்லும். படத்தின் ஒளியைவிட ஒலிக்கே அதிகம் செலவிடுங்கள். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்; விளங்காத பேச்சைப் பொறுக்கமாட்டார்கள்.

உபதலைப்பே பெரிய சிக்கல். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஓடும் எழுத்தை வாசிக்க முடியாமல் நமது முதியவர்கள் விழாவிலிருந்து எழுந்து சென்றதை நான் கண்டேன். அவர்களுக்கு ரசனை இல்லை என்று வாசலில் நின்று பேசியவர்களையும் கண்டேன். அது அநியாயமான பேச்சு. முதல் மூன்று மாதங்களுக்குத் தமிழ்ப் படங்களையோ, பேச்சுக் குறைந்த படங்களையோ தேர்ந்தெடுங்கள். பிறகு, உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலரைச் சேர்த்து, தமிழ் உபதலைப்பை நீங்களே எழுதுங்கள். ஒரு படத்துக்குப் பல நூறு வரிகள் வரும்; ஒருவருக்கு நூறு வரி என்று பகிர்ந்துகொண்டால் இரண்டு வார வேலை. வாசிக்க முடியாதவர்களுக்காகக் குரல் நல்ல ஒருவர் பின்வரிசையிலிருந்து மெதுவாக வாசிக்கலாம்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு உடனே ஒலிவாங்கியை நீட்டாதீர்கள். தேநீர் கொடுங்கள், பேச்சு தானாகத் தொடங்கும். சிறப்புப் பேச்சாளர் வேண்டாம். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட மாட்டார்கள். முதற் காட்சியின் நாள் உறுதியானதும் எனக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன். ‘கூழாங்கல்’லைக் காட்டுவதாக இருந்தால் கொட்டகலை வாசகிக்கும் இப்பகுதியின் வழியாகவே தெரிவித்துவிடுவேன்.